வைரஸும் பாக்டீரியாவும்: மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

நுண்ணுயிரிகள் பாடத்தை நடத்தி முடித்த நாளிலிருந்து தேர்வு வரையில் என்னிடம் வந்து சேரும் ஐயங்களைக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. குறிப்பேட்டைப் புரட்டினால், ஆண்டுக்கு ஆண்டு மாணவர்கள்தான் மாறியிருக்கிறார்கள், கேள்விகள் மாறவில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தந்திருக்கிறேன். இவற்றில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் தாமே அவிழும் முடிச்சுகள். அந்த வேறுபாடு முதல் விடையில் இருப்பதால், அதை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

1. "ரெண்டும் கிருமிதானே சார், அப்புறம் எதுக்கு ரெண்டு பேர்?"

கிருமி என்பது அன்றாடப் பேச்சுக்கு உரிய சொல். கண்ணுக்குத் தெரியாமல் நோய் உண்டாக்கும் எதையும் அந்தச் சொல்லால் குறித்துவிடுகிறோம். வைரஸ், பாக்டீரியா ஆகியவற்றோடு, படர்தாமரையைத் தரும் பூஞ்சையும் மலேரியாவைத் தரும் ஒருசெல் ஒட்டுண்ணியும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. இவற்றை ஒரே மூட்டையாகக் கட்டிவைப்பது நோய் தரும் என்ற பண்பு மட்டும்தான்.

பாக்டீரியா ஒரு முழுமையான செல். உணவை உள்ளே எடுத்துக்கொள்வது, அதிலிருந்து ஆற்றல் பெறுவது, தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே செய்துகொள்வது, இரண்டாகப் பிரிவது ஆகிய எல்லா வேலைகளையும் அந்த ஒற்றைச் செல் செய்கிறது. வைரஸ் செல்லே இல்லை. தன்னைப் போல் இன்னொன்றைச் செய்வது எப்படி என்ற குறிப்பை மரபுப்பொருளாகச் சுருட்டி, அதன்மேல் ஒரு புரத உறையைப் போர்த்தினால் அதுதான் வைரஸ். பாக்டீரியாவைச் சிறியதொரு சமையலறை என்று கொண்டால், வைரஸை உறையிலிட்ட சமையல் குறிப்பு என்று சொல்லலாம். குறிப்பு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தாள் தானாகச் சமைக்காது. அடுப்பும் பாத்திரமும் உள்ள வேறொருவர் வீட்டுக்குள் அது போய்ச் சேர வேண்டும். கீழே உள்ள விடைகளில் பலமுறை இந்தச் சமையலறைக்குத் திரும்பி வருவோம்.

2. "எது பெருசு? ரெண்டுமே கண்ணுக்குத் தெரியாதுன்னா என்ன பெரிய வித்தியாசம் இருந்துடப் போகுது?"

வித்தியாசம் மிகப் பெரியது. வைரஸையும் பாக்டீரியாவையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவில், போதாக்குறைக்குக் கண்ணும் வாயும் வைத்து வரையும் படங்கள்மேல் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. அந்தப் படங்களை மறந்துவிட்டு, எல்லாவற்றையும் 10 லட்சம் மடங்கு பெரிதாக்கிப் பார்ப்போம். அந்தக் கணக்கில் ஒரு மைக்ரோமீட்டர் ஒரு மீட்டராகிவிடும்.

நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள பெஞ்சு அளவுக்கு இருக்கும். ஃப்ளூ காய்ச்சலைத் தரும் வைரஸ் 10 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பந்தாகும். இளம்பிள்ளைவாதம் எனப்படும் போலியோவின் வைரஸ் 3 சென்டிமீட்டர் அளவுள்ள கோலிக்குண்டுதான். நம் இரத்தச் சிவப்பணு ஒன்று 7 அல்லது 8 மீட்டர் அகலமுள்ள அறையாக விரியும். அதே கணக்கில் ஒன்றரை மீட்டர் உயரமுள்ள நீங்கள் 1,500 கிலோமீட்டர் உயரத்துக்கு நிற்பீர்கள். பள்ளி ஆய்வகத்தில் உள்ள ஒளி நுண்ணோக்கியின் வகை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், 0.2 மைக்ரோமீட்டருக்கும் நெருங்கிய இரு புள்ளிகளை அதனால் பிரித்துக் காட்ட இயலாது. ஆகவே அதில் பாக்டீரியாவைப் பார்க்கலாம். மிகப் பெரும்பாலான வைரஸ்களைப் பார்க்க முடியாது. விதிவிலக்குகளைப் பதினேழாம் விடையில் சொல்கிறேன்.

3. "பார்க்கவே முடியாதுன்னா, வைரஸ் இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பாக்டீரியாவைப் பொறுத்தவரை கதை எளிது. நெதர்லாந்தைச் சேர்ந்த லீவன்ஹூக் என்ற துணி வணிகர் தாமே தேய்த்துச் செய்த சிறு கண்ணாடி வில்லை வழியாக 1676ஆம் ஆண்டிலேயே அவற்றைப் பார்த்துவிட்டார். 1683இல் தம் பல்லிடுக்கிலிருந்து சுரண்டி எடுத்த வெள்ளைப் படலத்தை நீரில் கலந்து பார்த்து, அதில் துள்ளித் திரிந்தவற்றைப் படமாகவும் வரைந்து அனுப்பினார். ஆனால் அவை நோய் உண்டாக்கக்கூடும் என்பதை உறுதிப்படுத்த இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. ராபர்ட் கோக் காசநோயின் பாக்டீரியாவை அறிவித்த ஆண்டு 1882.

வைரஸை முதலில் கண்டுபிடித்தது கண் அன்று, ஒரு வடிகட்டி. மெருகிடாத பீங்கானால் ஆன அந்த வடிகட்டியை 1884இல் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டரின் உதவியாளர் சேம்பர்லேண்ட் உருவாக்கினார். அதன் துளைகள் வழியே பாக்டீரியா நுழையாது. ரஷ்யரான இவானோவ்ஸ்கி 1892இல், இலைகளில் வெளிறிய திட்டுகள் விழும் நோய் கண்ட புகையிலைச் செடியின் சாற்றைப் பிழிந்து அதில் வடிகட்டினார். கீழே இறங்கிய சாற்றில் பாக்டீரியா இல்லை. ஆயினும் அதை நல்ல செடியின் இலையில் தேய்த்தபோது அதற்கும் நோய் வந்தது. வடிகட்டியில் கீறல் விழுந்திருக்குமோ, சாற்றில் நஞ்சு ஏதும் கலந்திருக்குமோ என்று அவர் ஐயுற்றார். 1898இல் அதே சோதனையைச் செய்த நெதர்லாந்துக்காரர் பெய்ஜரிங்க், சாற்றை ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து மற்றொன்றுக்கு என மாற்றிக்கொண்டே போனார். நஞ்சாக இருந்தால் ஒவ்வொரு முறையும் நீர்த்துப்போய் வலுவிழந்திருக்க வேண்டும். வலு குறையவில்லை. எனவே அது செடிக்குள் பெருகுகிறது என்று முடிவுசெய்து, நஞ்சு என்ற பொருளுள்ள வைரஸ் என்ற இலத்தீன் சொல்லை அதற்கு இட்டார். 1939இல்தான் எலக்ட்ரான் நுண்ணோக்கி அதே புகையிலை வைரஸைப் படமெடுத்தது: 300 நானோமீட்டர் நீளமும் 18 நானோமீட்டர் அகலமும் கொண்ட குச்சி.

4. "பாக்டீரியாவுக்கு உட்கரு இல்லைன்னு படிச்சேன். அப்போ டி.என்.ஏ. எங்கே இருக்கும்?"

செல்லின் நடுவில், சவ்வு எதுவும் சூழாமல், வளையமாகச் சுருண்டு கிடக்கும். ஈ.கோலையின் டி.என்.ஏ.வை நீட்டினால் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். அது அந்தச் செல்லின் நீளத்தைப் போல் 800 மடங்கு. அவ்வளவும் அதற்குள் மடிந்து அடங்குகிறது. சில பாக்டீரியாக்களில் இதோடு பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையங்களும் இருக்கும். பதின்மூன்றாம் விடையில் அவை தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற உறுப்புகளில் இரண்டை மட்டும் மறக்காதீர்கள். ஒன்று, புரதங்களைத் தைக்கும் ரைபோசோம். அடுப்பு என்று சொன்னோமே, அது இதுதான். மற்றொன்று, வெளியே உள்ள செல் சுவர். சுவர் இல்லாவிட்டால், உள்ளே புகும் நீரின் அழுத்தம் தாங்காமல் பெரும்பாலான பாக்டீரியாக்கள் வெடித்துவிடும்.

5. "அதுக்கு மூளையே இல்லையே, எப்படி நகருது?"

பல பாக்டீரியாக்களுக்குக் கசையிழை என்ற நீண்ட முறுக்கிழை உண்டு. அதன் அடியில் உள்ள புரதப் பொறி, படகின் விசிறியைச் சுழற்றும் மோட்டாரைப் போல அதைச் சுழற்றுகிறது. போகும் திசையில் உணவின் செறிவு கூடினால் நேராக நீந்தும். குறைந்தால் ஒரு குட்டிக்கரணம் போட்டு வேறு திசையில் முயலும். மூளை இல்லாமலே உணவிடம் போய்ச் சேர இந்த ஒரு விதியே போதுகிறது. வைரஸுக்கு நீந்தும் உறுப்பு எதுவும் இல்லை. காற்று, நீர், துளி, தொடுகை, பூச்சி என ஏதாவது ஒன்று அதைச் சுமந்து செல்ல வேண்டும்.

6. "வைரஸுக்கு உயிர் இருக்கா, இல்லையா? பரீட்சையில என்ன எழுதணும்?"

தேர்வில், உயிருள்ளவற்றுக்கும் உயிரற்றவற்றுக்கும் இடைப்பட்ட நிலை என்று எழுதி, இரண்டு பக்கத்துக்கும் காரணங்களைத் தாருங்கள். செல்லுக்கு வெளியே அது உண்பதில்லை, வளர்வதில்லை, ஆற்றலைப் பயன்படுத்துவதில்லை. 1935இல் வெண்டல் ஸ்டான்லி புகையிலை வைரஸை உப்பைப் போலப் படிகமாக்கிக் காட்டினார். படிகமாகக் குப்பியில் இருந்த அந்தப் பொடியைக் கரைத்து இலையில் தேய்த்தபோது மறுபடியும் நோய் வந்தது. உயிரற்ற பொருளைப் போலக் கிடந்தது, செல்லுக்குள் நுழைந்ததும் பெருகவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறவும் தொடங்கிவிடுகிறது.

தேர்வுக்கு அப்பால் என் கருத்தைக் கேட்டால், இது வைரஸைப் பற்றிய கேள்வி என்பதைவிட உயிர் என்ற சொல்லைப் பற்றிய கேள்வி என்பேன். நாம் வரைந்த கோட்டின் மேலேயே ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. கோட்டை எங்கே வரைவது என்பதில் அறிவியலாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. வைரஸ் என்னென்ன செய்கிறது, எதைச் செய்ய முடியாது என்பதில் அவர்களுக்குள் சண்டை இல்லை. அதைத் தெரிந்துகொண்டால் போதும்.

7. "பாக்டீரியா எவ்வளவு வேகமாப் பெருகும்?"

நல்ல உணவும் தகுந்த வெப்பமும் கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஒரு மணி நேரத்தில் எட்டாகும். இது வரையில் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. எட்டு மணி நேரத்தில் 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டும். பத்து மணி நேரத்தில் 107 கோடி. நம்பாதவர்கள் இரண்டை முப்பது முறை பெருக்கிப் பார்க்கலாம்.

இந்த வேகம் நெடுநேரம் நீடிப்பதில்லை. உணவு தீரும், கழிவு சேரும், பெருக்கம் நின்றுவிடும். எல்லா பாக்டீரியாவும் இவ்வளவு அவசரப்படுவதும் இல்லை. காசநோய் பாக்டீரியா ஒருமுறை பிரியவே ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அந்த நோய்க்குப் பல மாதங்கள் மருந்து உண்ண வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

8. "வைரஸும் அப்படித்தான் ரெண்டா உடையுமா?"

உடையாது. வைரஸ் பிரிவதில்லை, செய்யப்படுகிறது. ஈ.கோலையைத் தாக்கும் டி4 என்ற வைரஸை அருகில் போய்ப் பார்ப்போம். பட்டை தீட்டியது போன்ற தலை, அதன்கீழ் குழல் போன்ற வால், வாலின் அடியில் சிலந்தியின் கால்களைப் போல ஆறு இழைகள். இழைகள் பாக்டீரியாவின் மேற்பரப்பில் தமக்குப் பொருந்தும் மூலக்கூற்றைத் தொட்டதும் ஒட்டிக்கொள்கின்றன. வாலின் வெளியுறை சுருங்குகிறது. உள்ளே இருக்கும் குழல் ஊசியைப் போலச் சுவரைத் துளைத்து இறங்குகிறது. தலைக்குள் சுருட்டி வைத்திருந்த டி.என்.ஏ. உள்ளே பாய்கிறது. காலியான கூடு வெளியிலேயே தங்கிவிடுகிறது. உள்ளே போனது குறிப்பு மட்டும்தான்.

அதன் பிறகு பாக்டீரியாவின் ரைபோசோம்கள் தமக்குரிய புரதங்களை விட்டுவிட்டு, வைரஸின் புரதங்களைத் தைக்கத் தொடங்குகின்றன. தலைகள் தனியாக, வால்கள் தனியாக, இழைகள் தனியாக உருவாகி, பிறகு ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இறுதியில் ஒரு நொதி செல் சுவரை உள்ளிருந்து கரைக்கிறது. ஊசி இறங்கியதிலிருந்து அரை மணி நேரத்துக்குள் பாக்டீரியா வெடித்து, நூறு முதல் இருநூறு வரை புதிய வைரஸ்கள் வெளியே கொட்டுகின்றன. நம் செல்களைத் தாக்கும் வைரஸ்கள் ஊசி போடுவதில்லை. பெரும்பாலும் செல் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது, அல்லது அவற்றின் உறை செல்லின் சவ்வோடு கலந்துவிடுகிறது. அதற்கப்பால் நடக்கும் களவு ஒன்றேதான்.

9. "அப்போ பாக்டீரியாவுக்கே வைரஸ் வருமா!"

வரும், இப்போதுதான் பார்த்தோம். அத்தகைய வைரஸ்களுக்குப் பாக்டீரியோபேஜ் என்று பெயர், சுருக்கமாகப் பேஜ். 1915இல் ட்வார்ட்டும் 1917இல் டெரெல்லும் தனித்தனியே இவற்றைக் கண்டார்கள். பூமியில் எண்ணிக்கையில் மிகுந்தவை இவையே. ஒரு மில்லிலிட்டர் கடல்நீரிலேயே பல லட்சம் வைரஸ்கள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை பேஜ்கள்தான். கடலில் குளித்தாலும் அவை நம்மை ஒன்றும் செய்யா. பாக்டீரியாவின் மேற்பரப்பில் உள்ள பூட்டுக்கே அவற்றின் சாவி பொருந்தும்.

10. "பாக்டீரியா எல்லாமே கெட்டதுதானே? எல்லாத்தையும் அழிச்சிட்டா என்ன?"

அழித்தால் நாமும் கூடவே போய்விடுவோம். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் காற்றில் முதன்முதலாகச் சேரத் தொடங்கியது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன். அதைச் செய்தவை ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக்கள். பயறு, அவரை போன்ற செடிகளின் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம், காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருகிறது. இறந்த இலையும் உடலும் மக்கி மண்ணாவதில் பெரும்பங்கு பாக்டீரியாக்களுக்கும் பூஞ்சைகளுக்கும் உரியது.

நம் உடலிலேயே ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் உள்ளன. நம் சொந்தச் செல்கள் ஏறத்தாழ 30 லட்சம் கோடி. உடலில் பாக்டீரியாக்கள் நம் செல்களைப் போல் பத்து மடங்கு என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது பழைய தோராயக் கணக்கு. 2016இல் திருத்தி எண்ணியபோது இரண்டும் கிட்டத்தட்ட சமம் என்று தெரிந்தது. அவ்வளவு பாக்டீரியாக்களும் சேர்ந்து 200 கிராம் எடைதான் இருக்கும். அவற்றில் சில நமக்கு வைட்டமின் கே செய்து தருகின்றன. எல்லாமாகச் சேர்ந்து, நோய் தரும் வகைகளுக்கு இடம் கிடைக்காமல் அடைத்துக்கொண்டும் இருக்கின்றன.

11. "எந்த நோய் வைரஸால வருது, எது பாக்டீரியாவால வருதுன்னு ஞாபகம் வச்சுக்க குறுக்குவழி சொல்லுங்க."

குறுக்குவழி இல்லை. காலரா, டைஃபாய்டு, காசநோய், தொழுநோய், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரணஜன்னி ஆகியவை பாக்டீரியாவால் வருபவை. சாதாரணச் சளி, ஃப்ளூ, தட்டம்மை, சின்னம்மை, போலியோ, டெங்கு, வெறிநாய்க்கடி நோய், எய்ட்ஸ், கோவிட் ஆகியவை வைரஸால் வருபவை. காய்ச்சலின் அளவையோ இருமலின் ஓசையையோ கொண்டு எது என்று சொல்ல முடியாது. நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் இரண்டாலும் வரக்கூடும். அதனால்தான் மருத்துவர் சோதனைக்கு அனுப்புகிறார். கொசு கடித்து வருவதால் மலேரியாவை டெங்குவோடு சேர்த்து வைரஸ் பட்டியலில் எழுதுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். மலேரியா இரண்டிலும் சேராது. முதல் விடையைப் பாருங்கள்.

12. "ஆன்டிபயாடிக் ஏன் வைரஸை ஒண்ணும் பண்ணாது? அதுவும் மருந்துதானே?"

மருந்து எதையும் மொத்தமாகத் தாக்குவதில்லை; ஒரு குறிப்பிட்ட உறுப்பை அல்லது வேலையைத்தான் தாக்கும். 1928இல் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் கண்ட பெனிசிலின், பாக்டீரியா தன் செல் சுவரைக் கட்டும்போது அதன் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் நொதியை முடக்குகிறது. சுவர் பலவீனமாகிச் செல் வெடிக்கிறது. வேறு சில ஆன்டிபயாடிக்குகள் பாக்டீரியாவின் ரைபோசோமைப் பிடித்து நிறுத்துகின்றன. நம் செல்களுக்குச் செல் சுவர் கிடையாது, நம் ரைபோசோமின் அமைப்பும் வேறு. ஆகவே நாம் தப்பிக்கிறோம்.

இப்போது வைரஸை நினைத்துப் பாருங்கள். சுவர் இல்லை, ரைபோசோம் இல்லை, சமையலறையே இல்லை. ஆன்டிபயாடிக் உடைப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? வைரஸ் பயன்படுத்துவது நம் செல்லின் கருவிகளை. அவற்றை உடைத்தால் அடி நமக்குத்தான் விழும். வைரஸுக்கென்றே உள்ள சில நொதிகளை மட்டும் குறிவைக்கும் மருந்துகள் தனியே உண்டு. சின்னம்மை, அக்கி ஆகியவற்றுக்குத் தரப்படும் அசைக்ளோவிர் அவ்வகையைச் சேர்ந்தது. அவற்றின் எண்ணிக்கை குறைவாக இருப்பதற்குக் காரணம் நீங்களே சொல்லிவிடலாம்.

இதற்கு அடுத்ததாக எப்போதும் ஒருவர் எழுந்து, தமக்குச் சளி பிடித்தபோது ஆன்டிபயாடிக் சாப்பிட்டு நான்கே நாளில் சரியானதாகச் சொல்வார். சளி ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே அடங்கும் நோய். மாத்திரை தொடங்கும்போதே பாதி நாட்கள் கடந்திருக்கும். மாத்திரையும் குணமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன என்பதால் ஒன்று மற்றொன்றைக் கொண்டுவந்தது என்றாகாது.

13. "அடிக்கடி சாப்பிட்டா நம்ம உடம்புக்கு ஆன்டிபயாடிக் பழகிடுமாமே?"

பழகுவது உடம்பு என்று பெரியவர்கள் பலரும் நினைக்கிறார்கள். மாறுவது பாக்டீரியா. ஏழாம் விடையில் கண்ட பெருக்கத்தின்போது ஒவ்வொரு முறையும் டி.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது, கோடிக்கணக்கான படிகளில் எங்கோ ஓர் எழுத்துப் பிழை விழுகிறது. அந்தப் பிழை தற்செயலாக மருந்தைத் தாங்கும் திறனைக் கொடுத்துவிட்டால், மற்றவை மடியும்போது அது மட்டும் மிஞ்சி, காலியான இடம் முழுவதையும் நிரப்பிவிடும். மருந்து அந்தத் திறனை உண்டாக்கவில்லை. இருந்ததைப் பொறுக்கி எடுத்தது.

நான்காம் விடையில் சொன்ன பிளாஸ்மிட் இங்கே சிக்கலைக் கூட்டுகிறது. ஒரு பாக்டீரியா தன்னிடமுள்ள பிளாஸ்மிட்டைப் பக்கத்தில் இருக்கும் வேறு இன பாக்டீரியாவுக்கும் படியெடுத்துக் கொடுக்கக்கூடும். மருந்தைத் தாங்கும் திறன் இவ்வாறு பிள்ளைகளுக்கு மட்டுமன்றி அண்டை வீட்டாருக்கும் போய்ச் சேர்கிறது. பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவுக்காக மெத்திசிலின் 1959இல் பயன்பாட்டுக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1961இல், அதையும் தாங்கும் வகை கண்டறியப்பட்டது. தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் உண்ணாதீர்கள், மருத்துவர் சொன்ன அளவையும் நாட்களையும் நீங்களாக மாற்றாதீர்கள் என்று சொல்வதெல்லாம் இதனால்தான்.

14. "தடுப்பூசி ரெண்டுக்கும் வேலை செய்யுமா? ஃப்ளூவுக்கு மட்டும் ஏன் வருஷா வருஷம் போடுறாங்க?"

இரண்டுக்கும் செய்யும். தடுப்பூசி கிருமியைக் கொல்வதில்லை. கிருமியின் அடையாளத்தை நம் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு முன்கூட்டியே காட்டிவைக்கிறது. அடையாளம் காட்டப்படுவது வைரஸா, பாக்டீரியாவா, அது சுரக்கும் நஞ்சா என்பது பொருட்டில்லை. இரணஜன்னித் தடுப்பூசி மூன்றாம் வகை. வலுவிழக்கச் செய்த நஞ்சையே அதில் வைத்திருக்கிறார்கள். எட்வர்ட் ஜென்னர் 1796இல் பெரியம்மைக்கு வழிகண்டபோது வைரஸ் என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. அந்த நோய் உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக 1980இல் உலகச் சுகாதார அமைப்பு அறிவித்தது.

ஃப்ளூ வைரஸின் மரபுப்பொருள் டி.என்.ஏ. அன்று, அதற்கு உறவான ஆர்.என்.ஏ.; அதைப் படியெடுக்கும் நொதி தன் பிழைகளைத் திருத்துவதில்லை. ஆகவே வெளிப்புறப் புரதங்களின் தோற்றம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, பழைய அடையாளம் பயன்படாமல் போகிறது. தட்டம்மையும் ஆர்.என்.ஏ. வைரஸ்தானே என்று கூர்மையான ஒரு மாணவி என்னை மடக்கினாள். உண்மைதான், அதன் மரபுப்பொருளிலும் பிழைகள் விழுகின்றன. ஆனால் செல்லைப் பிடிக்க அது பயன்படுத்தும் புரதத்தில் மாற்றம் நேர்ந்தால் பிடியே நழுவிவிடுகிறது, மாறியவை பிழைப்பதில்லை. அதனால் பல பத்தாண்டுகளுக்கு முன் செய்த தட்டம்மைத் தடுப்பூசி இன்றும் பயன்படுகிறது.

15. "சோப்பு கிருமியைக் கொல்லுமா, கழுவி விடுமா? 99.9 சதவீதம்னா மீதி என்ன ஆகும்?"

இரண்டையும் செய்யும். சோப்பின் மூலக்கூற்றுக்கு நீரை விரும்பும் தலையும் கொழுப்பை விரும்பும் வாலும் உண்டு. ஃப்ளூ, கோவிட் போன்ற வைரஸ்களின் புரத உறைமேல் கொழுப்பாலான மேலுறை ஒன்று இருக்கிறது. சோப்பின் வால்கள் அதற்குள் செருகிக்கொண்டு அதைக் கிழித்துவிடுகின்றன. வாந்திபேதியைத் தரும் நோரோவைரஸ் போன்றவற்றுக்கு அந்தக் கொழுப்புறை இல்லாததால் அவை எளிதில் உடைவதில்லை. ஆல்கஹால் கலந்த கைத்தூய்மிக்கும் அவ்வளவாக அசைவதில்லை. அவற்றைத் தேய்த்து நீரோடு போக்கிவிடுவதே வழி.

விளம்பரக் கணக்கைப் பொறுத்தவரை, 10 லட்சத்தில் 99.9 சதவீதம் போனால் 1,000 மிஞ்சும். ஏழாம் விடையின் வேகத்தில் அந்த ஆயிரம் மறுபடி 10 லட்சமாகப் பத்து இரட்டிப்புகள், அதாவது மூன்று மணி இருபது நிமிடம் போதும். தோல் அவ்வளவு வளமான இடம் இல்லை என்பதால் நடைமுறையில் அவ்வாறு ஆகாது. எண்ணிக்கை குறைந்தால் நோய் தொற்றும் வாய்ப்பும் குறையும் என்பதற்காகத்தான் கழுவுகிறோம். கையைக் கிருமியே இல்லாததாக்குவது நோக்கம் இல்லை.

16. "ஃபிரிட்ஜ்ல வச்சா கிருமி செத்துடும்தானே? கொதிக்க வச்சா?"

குளிரில் பெரும்பாலான பாக்டீரியாக்களின் பெருக்கம் மெதுவாகும், அவ்வளவுதான். ஆய்வகங்களில் பாக்டீரியாவைப் பல ஆண்டுகள் பாதுகாப்பதே கழித்தல் 80 பாகை செல்சியஸ் குளிரில்தான். வைரஸ் உணவில் பெருகவே பெருகாது. எட்டாம் விடையின்படி அதற்கு உயிருள்ள செல் வேண்டும். ஆனால் பெருகாமல் காத்திருக்கும்.

கொதிநீரில் சாதாரண பாக்டீரியாக்கள் மடிந்துவிடும், வைரஸ்களும் செயலிழந்துவிடும். சில பாக்டீரியாக்கள் மட்டும் கெட்டியான ஓட்டுக்குள் தம் டி.என்.ஏ.வை அடைத்து, வித்து நிலையில் ஒடுங்கிக்கொள்ளும். அவை கொதிநீரையும் தாங்கும். அதனால்தான் அறுவைக் கருவிகளை அழுத்தக் கொப்பரையில் 121 பாகையில் 15 நிமிடம் வேகவைக்கிறார்கள். துருப்பிடித்த ஆணி குத்தினால் இரணஜன்னி வரும் என்பதில் துருவுக்குப் பங்கில்லை. மண்ணில் கிடக்கும் இத்தகைய வித்துகளை ஆணி ஆழமாக உள்ளே இறக்கிவிடுகிறது, ஆக்சிஜன் எட்டாத அந்த இடத்தில் வித்து விழித்துக்கொள்கிறது.

17. "வைரஸ்தான் சின்னது, பாக்டீரியாதான் பெருசுன்னு எப்பவுமே சொல்லலாமா?"

எப்போதும் சொல்ல முடியாது. 1992இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில், நிமோனியாவின் காரணத்தைத் தேடிக் குளிர்விப்புக் கோபுரமொன்றின் நீரைச் சோதித்தபோது, அமீபாவுக்குள் உருண்டையான ஒன்று கிடைத்தது. ஒளி நுண்ணோக்கியிலேயே தெரிந்ததால் அதைப் பாக்டீரியா என்று எண்ணி எடுத்துவைத்தார்கள். அதில் ரைபோசோமின் தடயமே கிடைக்கவில்லை. 2003இல் அது வைரஸ் என்று அறிவிக்கப்பட்டு மிமிவைரஸ் எனப் பெயர் பெற்றது. வெளியிழைகளோடு சேர்த்து அதன் குறுக்களவு 0.7 மைக்ரோமீட்டர், மைக்கோபிளாஸ்மா போன்ற மிகச் சிறிய பாக்டீரியாக்களைவிட அது பெரிது.

மறுபக்கத்தில், கரீபியக் கடலின் குவாடலூப் தீவில் அலையாத்திக் காட்டு நீரில் அமிழ்ந்த இலைகள்மேல் வளரும் ஒரு பாக்டீரியாவை 2022இல் அறிவித்தார்கள். வெண்ணிற நூல் துண்டு போன்ற அந்த ஒற்றைச் செல்லின் நீளம் ஒரு சென்டிமீட்டர், வெறுங்கண்ணால் பார்க்கலாம். ஆகவே அளவை அடையாளமாகக் கொள்ளாதீர்கள். உள்ளே சமையலறை இருக்கிறதா என்று பாருங்கள்.

18. "கம்ப்யூட்டர் வைரஸும் இதுவும் ஒண்ணா?"

பெயர் மட்டும் கடன் வாங்கியது. தன்னைப் படியெடுக்கும் கட்டளைகளாக மட்டும் இருந்து, அவற்றை நிறைவேற்ற வேறொரு நிரலைப் பிடித்துக்கொள்வதால் 1980களில் அந்தப் பெயரை வைத்தார்கள். உவமையாக நன்றாகவே பொருந்துகிறது. கணினியைத் தொட்டால் காய்ச்சல் வராது, இதையும் கேட்டிருக்கிறார்கள்.

19. "பாக்டீரியாவைக் கொல்ற வைரஸையே மருந்தாக் குடுத்தா என்ன?"

ஒன்பதாம் விடையையும் பதின்மூன்றாம் விடையையும் சேர்த்துப் படித்தவருக்கே இந்தக் கேள்வி தோன்றும். பேஜைக் கண்ட டெரெல்லுக்கும் உடனே தோன்றியது. 1919இல் பாரிஸில் சீதபேதி கண்ட சிறுவர்களுக்கு அவர் பேஜைக் கொடுத்துப் பார்த்தார். ஜார்ஜியா நாட்டின் திபிலீசி நகரில் 1923இல் தொடங்கிய ஆய்வு நிறுவனம் இன்றும் இதே வேலையைச் செய்துவருகிறது. மேற்கு நாடுகளில் பெனிசிலின் வந்ததும் பேஜைப் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் பாக்டீரியாக்கள் பெருகிய பின் மறுபடி திரும்பிப் பார்க்கிறார்கள்.

இதில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஒரு பேஜின் சாவி ஒரு சில வகைப் பூட்டுகளுக்கே பொருந்தும். ஆகவே குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களுக்குச் சேதம் குறைவு. அதே காரணத்தால், நோயாளியைப் பிடித்திருக்கும் பாக்டீரியா எந்த வகை என்று முதலில் பிரித்தறிந்து, அதற்குப் பொருந்தும் பேஜைத் தேடி எடுத்த பிறகே மருந்து கொடுக்க முடியும். பாக்டீரியா தன் மேற்பரப்பின் பூட்டை மாற்றிக்கொள்ளவும் கூடும் என்பதால், பல பேஜ்களை ஒன்றாகக் கலந்து கொடுக்கிறார்கள். அந்தப் பேஜ்களைத் தேடிப் போகும் இடம் பெரும்பாலும் சாக்கடை நீர்தான்; பாக்டீரியா மிகுந்திருக்கும் இடத்தில்தான் அதை வேட்டையாடுவதும் மிகுந்திருக்கும்.